கலங்கிய பின்புலமும் காப்பித் தோட்டமும்

உருவப்படத்தில் முகம் துலங்கப் பின்னணி மங்கவேண்டும் என்பது இன்று கைபேசி வைத்திருக்கிற பொடிசுக்கும் தெரியும். லென்ஸின் துவாரத்தை அகலத் திற, ஆளுக்குக் கிட்டப் போ, ஆளைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்து. சூத்திரம் அவ்வளவுதான். 2016இல் ஐபோன் 7 பிளஸ் வந்தபிறகு இந்தச் சிரமமும் போயிற்று. மங்கலை மென்பொருளே கணக்குப் போட்டுப் பூசிவிடுகிறது. வெறும் தொழில்நுட்பம்தானே என்று விட்டுவிட முடியவில்லை. எதை மங்கவைப்பது என்கிற தேர்வுக்குள் அரசியல் இருக்கிறது.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 கடைசியில், 48 வயதில், இங்கிலாந்தின் வைட் தீவில் மகள் பரிசளித்த கேமரா கைக்கு வந்தது. உருவப்படத்துக்கான வேகமான லென்ஸை வியன்னாவில் பெட்ஸ்வால் 1840இலேயே வடிவமைத்திருந்தார். ஒளியை நிறைய வாங்கும். நடுவில் கூர்மை, ஓரமெல்லாம் கலங்கல். அந்த வகை லென்ஸ்தான் கேமரனுடையதும். குவியத்தைத் திருகிக்கொண்டே வந்து, கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் நிறுத்திவிடுவார். தொழில் தெரியாதவர் என்று அன்றைய புகைப்பட இதழ்கள் ஏசின. (ஏச்சில் ஆண்திமிரும் கலந்திருந்தது என்றே நினைக்கிறேன்.) 1867இல் எடுத்த ஹெர்ஷல், கார்லைல் படங்களைப் பாருங்கள். இருட்டிலிருந்து தலை மட்டும் எழுந்து வருகிறது. வீடு இல்லை, வேலைக்காரர் இல்லை, காலமே இல்லை.

அந்த இருட்டுக்குள் என்ன இருந்தது? கணவர் சார்லஸ் ஹே கேமரனுக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. குடும்பம் பெரிதும் நம்பியிருந்தது அந்த வருமானத்தைத்தான். அக்காலக் காப்பித் தோட்டங்களில் கூலிக்கு மாரடித்தவர்கள் பெரும்பாலும் மன்னார் வழியாகக் காடு கடந்து நடந்துபோன நம்ம ஜனங்கள். பாதையிலேயே காலராவில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். கண்ணாடித் தகட்டுக்கும் ரசாயனத்துக்கும் காசு வானத்திலிருந்தா வந்தது?

1869இல் காப்பியை இலைத்துரு நோய் பிடித்தது. 1875இல் கேமரன் குடும்பம் இலங்கைக்கே குடிபோயிற்று. அங்கே அவர் எடுத்ததில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. தோட்டத் தொழிலாளரும் கிராமத்தாரும் இப்போது கேமராவுக்கு முன்னால் நிற்கிறார்கள். பின்புலத்தில் கிடந்தவர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்களே என்று சந்தோஷப்படத் தோன்றும். ஆனால் பேர்? 1877இல் களுத்துறையில் படமெடுக்கப்பட்ட தாவர ஓவியர் மரியான் நார்த்துக்குப் பேர் உண்டு. 1878இல் எடுத்த இன்னொரு படத்தின் தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர்கள் குழு’. பெண்ணுக்கு வயது 12, தகப்பன் என்று சொல்லும் கிழவர் தனக்கு 100 என்கிறார் என்பதுவரை அதில் குறிப்பு இருக்கிறது. இருவர் பேரும் இல்லை.