முறிந்த ஃபோர்க்

பேரன் மலைச்சைக்கிள் வாங்கக் கிளம்பினான். நிறமே அவன் கவலை. "முதலில் ஃபோர்க்கைப் பாருடா" என்றேன். எங்கள் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் அது 'ஃபூர்ஷ்'.

1913 தூர் த பிரான்ஸ் பந்தயம். பிரெனே மலையில் துர்மலே கணவாய் இறக்கத்தில் எழேன் கிறிஸ்தோஃபின் ஃபோர்க் முறிந்தது. பிறர் உதவி கூடாதென்பது விதி. சைக்கிளைச் சுமந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சேந்த்-மரி-த-காம்பான் கிராமத்துக் கொல்லுப்பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினார். அதிகாரிகள் நின்று பார்த்தார்கள். துருத்தி ஊதியது ஒரு சிறுவனாம்; அதற்கு நேர அபராதம்! காலமெல்லாம் கோப்பு பார்த்த எனக்கே இது அதிகம்.

1919-இல் மஞ்சள் பனியனை முதலில் அணிந்தவரும் அவரே. பாரிஸை நெருங்கும்போது வலான்சியென் அருகே மறுபடி ஃபோர்க் முறிந்தது, முதலிடம் போயிற்று. கடைசிவரை அந்தப் பந்தயத்தை அவர் வென்றதேயில்லை.

"அது அந்தக்கால இரும்பு தாத்தா" என்று சிரித்தான் பேரன். ஆனாலும் கடையில் முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்டான்.