எரிந்ததும் சிதறியதும்: ஒரு சஞ்சிகையின் பழைய இதழ்கள்

வில்லியம் பிளேக்கை ஆங்கில வகுப்பில் புலிக் கவிதையோடு சந்தித்து, பரீட்சையோடு மறந்த ஆட்கள் எங்களில் கனபேர். அவர் கவிஞர் மட்டுமில்லை. ஓவியர், செப்புத் தகட்டில் செதுக்கிச் சம்பாதித்த தொழிலாளி, தன் புத்தகத்தைத் தானே அச்சடித்தவர். 1757 இல் லண்டனில் பிறந்து 1827 இல் அங்கேயே இறந்தார். இந்த ஒரு மனிதரைச் சுற்றி மட்டும் ஒரு ஆய்வுச் சஞ்சிகை 1967 இலிருந்து வருகிறது. அதன் பழைய இதழ்களைத்தான் நாங்கள் நாலைந்து பேர் ஒரு வருடமாகச் சேர்க்கிறோம். அச்சு இதழ் ஒன்றும் எங்கட கையில் இல்லை. இணையத்தில் இலவசமாகக் கிடப்பதை இறக்கி, வருட வாரியாகப் பெயரிட்டு, வேண்டிய பக்கங்களை மட்டும் போட்டோக்கொப்பிக் கடையில் அச்செடுத்துக் கட்டி வைக்கிறோம். "உதெல்லாம் ஆர் வாசிக்கிறது?" என்று விடுதியில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

மோர்ட்டன் பேலி என்ற ஆய்வாளர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் இருந்து தொடங்கியபோது அதற்கு 'பிளேக் நியூஸ்லெற்றர்' என்று பெயர். 1970 இல் மொரிஸ் ஈவ்ஸ் ஆசிரியராகச் சேர்ந்தார். 1977 இல் 'பிளேக்: ஒரு சித்திரக் காலாண்டிதழ்' என்ற பொருள்படும் பெயருக்கு மாறி, பிறகு நியூயோர்க் மாநிலத்து ரொசெஸ்டர் பல்கலைக்கழகத்துக்குக் குடிபெயர்ந்தது. 2011 இல் அச்சை நிறுத்தி முழுக்க இணையத்துக்குப் போனது. எங்கட டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைத் தொடங்கியது 1966 இல். இரண்டுக்கும் ஒரு வருட வித்தியாசம்தான். ஒன்றுக்குப் பின்னால் பல்கலைக்கழகம் நின்றது. மற்றதுக்குப் பின்னால் ஒரு மனிசன், அவரே வீதி வீதியாகக் கொண்டுபோய் வித்தார்.

ஒரு ஆளைப் பற்றி இத்தனை வருடம் எழுத என்ன இருக்கிறது? இதற்குப் பிளேக் புத்தகம் செய்த முறையைப் பார்க்க வேண்டும். அவர் செப்புத் தகட்டில் அமிலம் அரிக்காத ஒரு திரவத்தால் கவிதையையும் படத்தையும் சேர்த்தே வரைந்தார். அச்சில் நேராக விழ வேண்டும் என்பதால் எழுத்தெல்லாம் தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல. பிறகு தகட்டை அமிலத்தில் போட்டால் வெறும் இடம் கரைந்துபோகும், வரைந்த கோடு மேடாக நிற்கும். அதில் மை பூசி அச்செடுத்து, அவரும் மனைவி கத்தரினும் ஒவ்வொரு தாளுக்கும் கையால் நிறம் தீட்டினார்கள். 1782 இல் கலியாணப் பதிவில் கையெழுத்துக்குப் பதில் புள்ளடி போட்டவர் கத்தரின். எழுத வாசிக்கப் பழக்கியது பிளேக்.

இதனால் ஒரு பிரதி போல இன்னொன்று இல்லை. ஒன்றில் வானம் மஞ்சள், அடுத்ததில் நீலம். ஒன்றில் பக்கங்களின் ஒழுங்கே வேறு. 'ஜெருசலேம்' 100 தகடுகள் கொண்ட நூல். அதை முழுதாக நிறம் தீட்டி அவர் முடித்த பிரதி ஒன்றே ஒன்று, இப்ப அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஆகவே பிளேக்கின் ஒரு நூலைப் படித்தேன் என்று சொன்னால், எந்தப் பிரதியை என்று அடுத்த கேள்வி வரும். எந்தப் பிரதி எங்கே, அது யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது என்று எழுதத்தான் சஞ்சிகை வேண்டியிருந்தது.

எங்களுக்குப் பிடித்த கட்டு 2000 ஐ ஒட்டிய இதழ்கள். பிளேக் சில பக்கங்களைப் பல நிற மையால் அச்சிட்டிருக்கிறார். அந்தத் தாளை அச்சியந்திரத்தில் ஒருதரம் விட்டாரா, இரண்டு தரமா? கேட்கச் சின்ன விசயம். மைக்கல் பிலிப்ஸ் இரண்டுதரம் என்றார். ரொபர்ட் எசிக்கும் ஜோசப் விஸ்கோமியும் ஒருதரம்தான் என்று நீண்ட கட்டுரை எழுதினார்கள். படங்களைப் பெருப்பித்துக் காட்டினார்கள், தாங்களே தகடு செய்து அச்சிட்டும் பார்த்தார்கள். பிளேக்கின் ஓவியங்களுக்குப் பெரிய விபரப்பட்டியல் தயாரித்த மார்ட்டின் பட்லினும் பிறகு சண்டைக்குள் இறங்கினார். வாசிக்கும்போது ஊர்க் கோயில் நிர்வாகக் கூட்டம் ஞாபகம் வந்தது. ஆனால் விசயம் பெரியது. இரண்டுதரம் என்றால் முதல் அச்சின் மேலேயே தாளைத் துல்லியமாகத் திரும்ப வைக்க வேண்டும். அது மினக்கெட்ட, அளந்து செய்கிற வேலை. ஒருதரம் என்றால் தகட்டிலேயே எல்லா நிறத்தையும் பூசி, வந்ததைப் பார்த்து மேலும் தீட்டுகிற கை. கலைஞரைப் பற்றிய இரண்டு சித்திரங்கள் இவை. எசிக்–விஸ்கோமி பக்கம்தான் எங்களுக்குச் சரியாகப் படுகிறது. செய்து பார்த்தவன் சொல்லுக்கு ஒரு கனம் இருக்கு.

இந்தக் கைவேலைப் பைத்தியம் எங்கட பக்கத்து ஆளொருவருக்கும் இருந்தது. கொழும்பில் 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, தன் மத்தியகாலச் சிங்களக் கலை நூலை 1908 இல் இங்கிலாந்தில் வெளியிட்டபோது, வில்லியம் மொரிஸ் பாவித்த அதே கையச்சு இயந்திரத்தில் 425 பிரதிகள் அடிப்பித்தார். அவர் கட்டுரைகளில் பிளேக் அடிக்கடி வந்து போவார். ஜப்பானில் யானகி முனேயொஷி 1914 இல் பிளேக்கைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். 1931 இல் ஜுகாகு புன்ஷோவோடு சேர்ந்து பிளேக்குக்கும் விட்மனுக்கும் ஒரு மாத சஞ்சிகையே நடத்தினார். அமெரிக்கர்களுக்கு முப்பத்தாறு வருடம் முந்தி!

இனி எரிந்த கதை. பிளேக் இறந்து நாலு வருடத்தில், 1831 இல், கத்தரினும் போய்விட்டார். தாள்கள் எல்லாம் பிரெடரிக் டேதம் என்ற இளம் சீடரிடம் சேர்ந்தன. அவர் சிலதை விற்றார். பின்னர் மதத் தீவிரம் தலைக்கேறி, கையெழுத்துப் பிரதிகள் பலதை எரித்தார். என்ன எரிந்தது என்ற பட்டியல்கூட மிஞ்சவில்லை. 1981 க்குப் பிறகு பிறந்த நாங்கள் யாழ்ப்பாண நூலகத்தையும் அப்படித்தான் அறிந்திருக்கிறோம், சாம்பலாக இல்லை, எண்ணிக்கையாக.

எரியாமல் சிதறியவை வேறு மாதிரி. பிளேக்கின் குறிப்புப் புத்தகம் 1847 இல் கவிஞர் ரொசெட்டி கைக்குப் பத்து ஷில்லிங்குக்கு வந்தது. இப்ப பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. ரொபர்ட் பிளேயரின் 'கல்லறை' என்ற கவிதைக்குப் பிளேக் 1805 இல் வரைந்த நீர்வண்ணங்கள் 1836 இல் எடின்பரோ ஏலத்தோடு கண்ணுக்கு மறைந்தன. 165 வருடம் கழித்து, 19 படங்கள் கிளாஸ்கோவின் பழைய புத்தகக் கடையொன்றில் கிடந்தன. எல்லாம் ஒன்றாக ஒரு அருங்காட்சியகத்துக்குப் போகும் என்று பார்த்தால், 2006 இல் நியூயோர்க்கில் தனித்தனியாக ஏலம் போட்டார்கள். கண்டுபிடித்த கையோடேயே திரும்பவும் சிதறடித்தார்கள். எங்களுக்கு அது இன்னும் கோபம்தான்.

அந்தக் கோபத்தை ஆற்றுகிற ஒன்று இதழ்களில் இருக்கிறது. எசிக் பல பத்தாண்டுகளாக வருடா வருடம் 'சந்தையில் பிளேக்' என்று ஒரு பட்டியல் எழுதினார்: எந்த ஏலம், எந்தப் படம், என்ன விலை. ஜி. ஈ. பென்ட்லி 2017 இல் இறக்கும்வரை அந்தந்த வருடம் பிளேக் பற்றி உலகத்தில் வந்த நூல், கட்டுரை எல்லாவற்றையும் பட்டியலிட்டார். படிக்கச் சலிப்பு வரும். முதலில் நாங்கள் இறக்கும்போது தாண்டிப்போன பக்கங்கள் இவைதான், இப்ப அச்செடுப்பவையும் இவைதான். கட்டுரையில் உள்ள கருத்தைப் பிறகு யாராவது புத்தகமாக்குவார்கள். ஒரு படம் 1990 இல் எந்த வீட்டுச் சுவரில் இருந்தது என்பதை ஒருத்தரும் திரும்ப எழுதமாட்டார்கள். 'மல்லிகை'யில் வந்த புத்தக விளம்பரங்களும் அஞ்சலிக் குறிப்புகளும் அதே வகை. 'நூலகம்' இணையத்தில் பழைய இதழ்களைத் திறக்கிறவர்கள் அதையும் பார்க்கலாம்.

பட்டியல்களில் நாங்கள் தேடுவது ஒரு படத்தை. 1809 இல் பிளேக் தன் அண்ணனின் காலுறைக் கடைக்கு மேலே 16 படங்களோடு ஒரு கண்காட்சி வைத்தார். ஒன்றும் விலைபோகவில்லை. வந்த ஒரே விமர்சனம் அவரைப் பைத்தியம் என்றது. அதில் பத்தாவது படத்துக்குப் பெயர் 'பிராமணர்கள்'. சார்ள்ஸ் வில்கின்ஸ் பகவத்கீதையை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் காட்சி. அந்த மொழிபெயர்ப்பு 1785 இல் வந்தது. உடைகள் பிழை என்று தனக்குத் தெரியும் என்று கண்காட்சிப் பட்டியலில் பிளேக்கே சாட்டுச் சொல்லியிருக்கிறார். இந்தியாவைக் காணாத மனிசன் வேட்டியை எப்படிக் கீறியிருப்பார் என்று பார்க்க ஆசை. படம் இன்றுவரை இல்லை. எரிந்ததா, ஏதும் வீட்டு மேல்தட்டில் கிடக்கிறதா, ஆருக்கும் தெரியாது. எங்கட கட்டுகளில் எண்பதுகளின் ஏலப் பட்டியல்களை ஒரு வரி விடாமல் பார்த்தாயிற்று. அடுத்த கிழமை தொண்ணூறுகளை அச்செடுக்க வேண்டும், மொத்தமாகக் கொடுத்தால் கடைக்காரர் பக்கத்துக்கு ஒரு ரூபா குறைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.