கணினி விளையாட்டுக்களில் தொழினுட்பப் பரவல்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றுப் பாடநூல்களை விரும்பிக் கல்லாத இளைஞர் பலர் இன்று பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கணினித் திரையிலே கண்டறிந்து கொள்கின்றனர். போர்த்தந்திர விளையாட்டுக்கள் எனப்படும் இவற்றை வெறும் பொழுதுபோக்குச் சாதனங்கள் எனக் கருதி ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. காவியமும் நாவலும் போன்று இவையும் தாம் தோன்றிய சமூகத்தின் கருத்துநிலையைத் தம்முட் பொதிந்து வைத்துள்ளன. நாவல் தன் உலக நோக்கினைக் கதையாகக் கூற, இவை அதனை விதியாக வகுத்துவிடுகின்றன. அவ்விதியை ஏற்றுக்கொண்டாலன்றி ஆட்டமே இல்லை. பகை நாடுகளிடையே தொழினுட்பம் பரவுவது குறித்து இவ்விளையாட்டுக்கள் வகுத்துள்ள விதிகளை வரலாற்றுடன் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1991 இல் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் வடிவமைத்த 'சிவிலைசேஷன்' இவ்வகை விளையாட்டுக்களுக்கு முன்மாதிரியாக அமைந்தது. அதில் எழுத்து, சக்கரம், வெடிமருந்து முதலியன ஒன்றிலிருந்து ஒன்று கிளைக்கும் மரமாக அடுக்கப்பட்டுள்ளன. சொந்த ஆராய்ச்சியாற் பெறுவது தவிர, பிற நாட்டிடமிருந்து அவற்றைப் பெற நான்கு வழிகள் உள. பேச்சுவார்த்தையிற் பண்டமாற்றுச் செய்யலாம். தூதரை அனுப்பித் திருடலாம். பகைவரின் நகரைக் கைப்பற்றிப் பறிக்கலாம். மகா நூலகத்தை அமைத்து, வேறு இரு நாடுகள் ஏற்கெனவே அறிந்ததைத் தாமும் அடையலாம். இந்நான்குக்கும் அடிப்படையான எடுகோள் ஒன்றேயாகும்: தொழினுட்பம் என்பது முற்றுப்பெற்ற ஒரு பொருள்; அதன் உடைமையாளர் அரசு; கைமாறிய கணத்திலேயே அது முழுப்பயனையுந் தரும். கொல்லனும் தச்சனும் நெசவாளியும் இங்கு இடம்பெறுவதில்லை. மனிதரிடையேயான உறவுகள் பொருள்களிடையேயான உறவுகளாகத் தோற்றமளிக்கும் மாயையினை மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867) விளக்கினார். இவ்விளையாட்டுக்களின் விதி அம்மாயையின் துலக்கமான வடிவம் எனலாம்.

இனி வரலாற்றை நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டிற் பிரித்தானியா தனது தொழினுட்பத்தைப் போட்டி நாடுகளிடமிருந்து காத்துக்கொள்ளச் சட்டங்களை இயற்றியது. 1719 ஆம் ஆண்டுச் சட்டம் கைவினைஞரை வெளிநாடுகளுக்கு ஈர்த்துச் செல்வதைத் தடை செய்தது. 1774 ஆம் ஆண்டுச் சட்டம் நெசவுத் தொழிற் கருவிகளின் ஏற்றுமதியைத் தடுத்தது. மனிதருக்கும் பொறிக்கும் தனித்தனியே தடை விதிக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. தொழினுட்பம் பொறியில் மட்டுமன்றி உழைப்பாளியின் கையிலும் மனத்திலும் உறைவது என்பதைப் பிரித்தானிய ஆளும் வர்க்கம் நன்கு உணர்ந்திருந்தது.

அவ்வுணர்வு சரியானதே என்பதை ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் மெய்ப்பித்தது. றோட் ஐலண்ட் மாநிலத்தின் வணிகரான மோசஸ் பிரவுணும் அவரது கூட்டாளிகளும் ஆர்க்றைற்றின் முறையைப் பின்பற்றி உள்ளூரிற் செய்யப்பட்ட நூற்புப் பொறிகளை வாங்கி வைத்திருந்தனர். எனினும் அவற்றைச் செவ்வனே இயக்க அவர்களால் இயலவில்லை. ஆர்க்றைற்றின் பங்காளியாயிருந்த ஜெடிடையா ஸ்ற்றற்றிடம் தொழில் பயின்ற சாமுவேல் சிலேற்றர் என்னும் இளைஞர் 1789 இல் தடையை மீறிக் கப்பலேறினார். அவர் கொண்டு சென்றது பயிற்சியாற் பெற்ற அறிவே. ஓசியல் வில்கின்சன் என்னும் இரும்புத் தொழிலாளரும், சில்வானஸ் பிரவுண் என்னும் மர வேலையாளரும் துணைநிற்க, 1790 டிசெம்பரிற் போற்றக்கெற் என்னுமிடத்தில் நீர்விசையால் நூற்பு தொடங்கிற்று. அங்கு முதலில் வேலைக்கமர்த்தப்பட்டோர் சிறுவர்களாவர். விளையாட்டு ஒரு நொடியிற் காட்டும் 'கைமாற்றம்' இத்தனை மனிதரின் உழைப்பால் நிகழ்ந்தது. அதனோடு ஒரு சுரண்டல் முறையும் உடன் சென்றது.

விளையாட்டில் ஒவ்வொரு நாடும் ஒரே மனமுடையது. பிரித்தானியச் சட்டங்களின் முடிவோ வேறு கதையைக் கூறுகின்றது. நூற்பாலை முதலாளிகள் தடை நீடிப்பதை விரும்பினர்; பொறி செய்யும் முதலாளிகள் தம் பொறிகளுக்கு உலகச் சந்தையை வேண்டினர். கைவினைஞர் மீதான தடை 1824 இலும், பொறி ஏற்றுமதித் தடை 1843 இலும் நீங்கின. தொழினுட்பத்தைப் பகை நாட்டுக்குத் திறந்துவிட்டது தூதரின் களவன்று. ஆளும் வர்க்கத்தின் உள் முரண்பாடே அவ்வாறு செய்தது.

அம்முரண்பாட்டின் விளைவை ஆசியாவிற் காணலாம். 1863 ஓகஸ்ற் மாதத்திற் பிரித்தானியக் கடற்படை ஜப்பானிய சற்சுமா ஆட்சிப்பகுதியின் நகரான ககோஷிமாவைக் குண்டு வீசித் தாக்கியது. 1865 இற் சற்சுமா, வெளிநாட்டுப் பயணத் தடையை மீறி இளைஞரை இரகசியமாகப் பிரித்தானியாவுக்கு அனுப்பிற்று. 1867 இல், ஒல்டாம் நகரின் பிளாற் சகோதரர் நிறுவனத்தின் பொறிகளோடு, ஆங்கிலத் தொழில்நுட்பர் சிலரின் துணையுடன், அதே ககோஷிமாவில் நூற்பாலை ஒன்று இயங்கத் தொடங்கிற்று. அடித்தவனிடமே கருவி வாங்கப்பட்டது; விற்றவனும் தயங்கவில்லை.

பம்பாய் ஆலைகளுக்கும் அந்நிறுவனம் பொறிகளை விற்றது. பொறி ஒன்றாயினும் அரசியல் நிலை ஒன்றாக இருக்கவில்லை. 1896 ஆம் ஆண்டு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றது. அவ்வாண்டு ஜப்பானிய அரசு தன் ஆலைகளுக்கு உதவுமுகமாகக் கச்சாப் பருத்தி மீதான இறக்குமதி வரியை நீக்கியது. அதே ஆண்டு இந்தியாவின் குடியேற்ற அரசு, லங்காஷயர் முதலாளிகளின் நலன் கருதி, இந்திய ஆலைத் துணியின் மீது 3.5 சதவீத உற்பத்தி வரியை விதித்தது. பிரித்தானியத் துணி மீதான இறக்குமதி வரியும் அதே 3.5 சதவீதமாக அமைந்ததால், உள்நாட்டு ஆலைக்கு எவ்விதப் பாதுகாப்பும் இல்லாதொழிந்தது. உற்பத்திச் சக்தி கடல் கடந்து வரலாம். அது யாருக்குப் பயன்படும் என்பதை அரசதிகாரம் எவர் கையில் உள்ளது என்பதே தீர்மானிக்கின்றது.

விளையாட்டு வடிவமைப்பாளர் இக்குறைகளை முற்றாக உணராதவர் என்றுங் கூறுவதற்கில்லை. 2013 இல் வெளிவந்த 'யூரோப்பா யூனிவர்சாலிஸ்' நான்காவது விளையாட்டில், மேலைக் குழுவைச் சாராத நாடுகள் ஒரே தொழினுட்பத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அதிலிருந்து விடுபட 'மேலைமயமாதல்' விதிக்கப்பட்டது. ஆசிய, ஆபிரிக்கச் சமூகங்கள் இயல்பாகவே தேக்கமுற்றவை என்ற பழைய ஏகாதிபத்தியக் கருத்தின் எதிரொலி இது. 2016 இல் இவ்விதி கைவிடப்பட்டு, மறுமலர்ச்சி, அச்சியந்திரம், பட்டறைத் தொழில் முதலியன ஓரிடத்திற் தோன்றி மாகாணம் மாகாணமாகப் பரவும் நிறுவனங்களாக மாற்றப்பட்டன. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமே. ஆயினும், பரவியதை ஏற்றுக்கொள்வது ஆள்வோர் திறைசேரியிலிருந்து பணம் செலுத்தும் செயலாகவே அங்கும் உள்ளது. சிலேற்றருக்கும், போற்றக்கெற் ஆலையின் சிறுவருக்கும் புதிய விதியிலும் இடமில்லை.

தொழினுட்பத்தை இறக்குமதி செய்தாற் போதும், வளர்ச்சி தானாகவே தொடரும் என்னும் போதனை திரைக்கு வெளியேயும் ஓயாது ஒலிக்கின்றது. எம்போன்ற நாடுகளுக்கு அது பெரிதும் அறிமுகமானது. விளையாட்டு அதனை விதியாக்கி இளைஞர் மனத்திற் பதிக்கின்றது. இவற்றை ஆடவேண்டாம் என்று தடுப்பதாற் பயனில்லை. ஒவ்வொரு கைமாற்றத்தின் போதும், யாருடைய உழைப்பாற் கைமாறியது, யாருடைய அதிகாரத்தின் கீழ்ப் பயன்பட்டது என்று வினவப் பழக்குதல் வேண்டும். வரலாற்றுக் கல்வியின் கடன் அதுவே.