வாளையாற்றைத் தாண்டாத நாற்காலி

டெல்லியில் வெளியுறவுத் துறை இணை அமைச்சர் என்றொரு பதவி உண்டு. மலையாள மண்ணைச் சேர்ந்தவர்கள் அந்த நாற்காலியில் பலமுறை உட்கார்ந்திருக்கிறார்கள்: லட்சுமி என். மேனன், ஏ.ஏ.ரஹீம், கே.ஆர்.நாராயணன், ஈ.அகமது, சசி தரூர், வி.முரளீதரன். நாராயணனின் தொகுதி ஒற்றப்பாலம். கோவையில் ரயில் ஏறினால் வாளையாறு, பாலக்காடு தாண்டி இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் இருக்கும் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் அடங்கிய கொங்குச் சீமையிலிருந்து ஒருவர்கூட அதில் உட்கார்ந்ததில்லை.

நம்மவர்கள் டெல்லி போகாமல் இல்லை. சுதந்திர இந்தியாவின் முதல் நிதி அமைச்சர் கோவை ஆர்.கே.சண்முகம் செட்டியார். அதற்கு முன்பே 1944-ல் பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவிலும் அவர் இருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்து சி.சுப்பிரமணியம் வேளாண்மையையும் நிதியையும் பார்த்தார். 2004-ல் கோபிசெட்டிபாளையத்தில் வென்ற ஈ.வி.கே.எஸ்.இளங்கோவன் இணை அமைச்சரானபோது அவர் கைக்கு வந்த துறைகளில் ஜவுளியும் ஒன்று. கணக்கு, வயல், நூல் எல்லாம் நம்மிடம் வந்தன. கடல் கடந்து போன ஆட்களின் கோப்பு மட்டும் வரவில்லை.

இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கொங்குக்கு வெளிநாடு என்றால் ஆர்டர். பனியன் பெட்டிகள் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறும், பணம் வங்கிக்கு வரும்; அதில் சிக்கல் என்றால் வர்த்தக அமைச்சரைத் தேடிப் போவோம். கேரளத்துக்கு வெளிநாடு என்றால் வீட்டு ஆள். அண்ணன் துபாயில், தங்கை குவைத்தில். வெளியுறவு அங்கே ஓட்டுப் பெட்டி வரைக்கும் வரும் விஷயம். அதனால்தான் இந்த நாற்காலியின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நாற்காலி பிறந்தது லண்டனில். 1782-ல் அங்கே வெளியுறவு அலுவலகம் தனியாகத் தொடங்கியபோது, அமைச்சர் சார்லஸ் ஜேம்ஸ் பாக்ஸுக்குக் கீழே துணைச் செயலாளராகச் சேர்ந்தவர்களில் ஒருவர் நாடக ஆசிரியர் ஷெரிடன். நூறு வருடத்துக்குப் பிறகு, 1895 முதல் 1898 வரை, அதே வரிசைப் பதவியில் இருந்த கர்சன் அங்கிருந்து நேராக இந்தியாவுக்கு வைஸ்ராயாக வந்தார். பெரிய பதவிக்குப் போகிறவர்கள் ஏறும் படி என்ற பெயர் அப்போதே அதற்கு இருந்தது.

இந்தியாவில் அது வேறு காரணத்துக்காக வளர்ந்தது. நேரு பிரதமராக இருந்த காலம் முழுக்க வெளியுறவையும் தானே வைத்துக்கொண்டார். ஒரே ஆள் எல்லாக் கேள்விக்கும் அவையில் எழுந்து நிற்க முடியாது. 1948-ல் பி.வி.கேஸ்கர் துணை அமைச்சரானார். பிறகு அனில் கே.சந்தா, 1957-ல் லட்சுமி மேனன். ஆசிரியராக இருந்து, ஐ.நா.வில் பெண்கள் நிலைக்கான பிரிவைக் கவனித்தவர் அவர். பிறந்தது திருவனந்தபுரம், ராஜ்யசபாவுக்குப் போனது பீகாரிலிருந்து. 1962-ல் இணை அமைச்சராக உயர்ந்து 1966 வரை இருந்தார்.

அவர் அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் வெளியுறவுத் துறையின் ஒரு முடிவு நம் மலைகளின் முகத்தையே மாற்றியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டங்களில் நாடற்றவர்களாக இருந்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று முடிவானது. சம்பந்தப்பட்ட மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களின் தலைவர் தொண்டமான் எதிர்த்தும் பலனில்லை.

தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, பிறகு நீலகிரிக்கும் வால்பாறைக்கும் வந்தார்கள். கையில் ஒரு குடும்ப அட்டை, கொஞ்சம் பாத்திரம், தேயிலை கிள்ளத் தெரிந்த விரல்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் வனத் துறை தேயிலை பயிரிடத் தொடங்கியது. அது 1976-ல் ‘டான்டீ’ என்ற அரசு நிறுவனமானது. கோத்தகிரி, கூடலூர், வால்பாறை லயன் வீடுகளில் இன்று ஓய்வு பெற்றவர்கள் வீடு கேட்டுப் போராடுகிறார்களே, அந்தப் பிரச்சினையின் வேர் டெல்லியில் போட்ட அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. வெளியுறவு நமக்குச் சம்பந்தமில்லாத துறை என்று கொங்கில் சொல்பவர்களை ஒருமுறை வால்பாறை பஸ்ஸில் ஏற்றிவிட ஆசைப்படுகிறேன்.

பிந்தைய வருடங்களை வேகமாகவே கடந்துவிடலாம். தினேஷ் சிங்கும் நட்வர் சிங்கும் இந்தப் படியிலிருந்து வெளியுறவு அமைச்சராக ஏறினார்கள். 1985-86-ல் இங்கே இருந்த நாராயணன் 1997-ல் குடியரசுத் தலைவரானார். ஆனால் அந்தக் காலத்திலெல்லாம் நாற்காலி பெரும்பாலும் டெல்லியிலேயே இருந்தது. மாநாடு, விருந்து, வரவேற்பு, அவையில் பதில் என்று நாட்கள் போயின.

அது விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் நகர்ந்தது 2004-க்குப் பிறகு. அந்த வருடம் ஈராக்கில் மூன்று இந்திய லாரி டிரைவர்கள் பிணைக்கைதிகளாகப் பிடிபட்டார்கள். நெருக்கடியைக் கவனித்த குழுவுக்குத் தலைவர் இணை அமைச்சர் அகமது. ஆகஸ்ட் முழுக்க நாடே டி.வி. முன் உட்கார்ந்திருக்க, செப்டம்பர் 1 அன்று அவர்கள் விடுதலையானார்கள். 2015-ல் ஏமனில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது வி.கே.சிங் ஜிபூட்டியில் தங்கி வேலை பார்த்தார். 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்களும் 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேரும் மீட்கப்பட்டார்கள். ஈராக்கின் மொசூலில் கொல்லப்பட்ட இந்தியர்களில் 38 பேரின் எச்சங்களை 2018 ஏப்ரலில் கொண்டுவந்தவரும் அவரே. 2023-ல் சூடான் போரின்போது ஜித்தாவில் நின்று ஆட்களை வரவேற்று ஊருக்கு அனுப்பியவர் முரளீதரன். 2024 ஜூன் 12 அன்று குவைத் மங்காஃப் கட்டடம் எரிந்தது. பதவியேற்று சில நாட்களே ஆன கீர்த்தி வர்தன் சிங் உடனே கிளம்பிப் போய், 45 உடல்களோடு விமானப் படை விமானத்தில் 14-ம் தேதி கொச்சியில் இறங்கினார். அதில் ஏழு பேர் தமிழர்கள்.

இத்தனை செய்யும் இந்தப் பதவிக்கு அதிகாரம் என்று எடுத்துப் பார்த்தால் குறைவுதான். அமைச்சரவைக் கூட்டத்தில் இடமில்லை. அழைத்தால் மட்டும் போகலாம். எந்த நாடு, எந்தப் பிரிவு என்பதை மேலே இருக்கும் அமைச்சர் பிரித்துக் கொடுக்க வேண்டும். இது சரியில்லை என்பதே என் எண்ணம். வெளிநாட்டில் இறந்தவரின் பெட்டியை வாங்கப் போகும் அமைச்சருக்கு, அந்த ஆளை அனுப்பிய ஏஜென்டின் உரிமத்தை நிறுத்தும் கோப்பும் கையில் இருக்க வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் விவகாரத்துக்கு 2004-ல் தனி அமைச்சகம் தொடங்கி, 2016-ல் அதை வெளியுறவோடு சேர்த்தார்கள். சேர்த்த கையோடு அந்த வேலை முழுவதையும் பெயர் சொல்லி ஓர் இணை அமைச்சரிடம் நிரந்தரமாக ஒப்படைத்திருக்கலாம்.

கோவையில் ஒரு குடும்பத்துக்குச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மகன் வளைகுடாவில் இறந்துவிட்டான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு. அது அயலகத் தமிழர் நலத் துறைக்குப் போகும். பக்கத்தில் நிற்கும் யாராவது, “எம்.பி.கிட்ட ஒரு லெட்டர் வாங்கிடுங்க, அப்பத்தான் நகரும்” என்பார்கள். அந்த லெட்டர் பெரும்பாலும் இந்த நாற்காலியைத் தேடித்தான் போகும். அங்கே தூதரகம் இறப்புச் சான்று, போலீஸ் அறிக்கை, உடலைப் பதப்படுத்திய சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், தடையில்லாச் சான்று என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும். குடும்பத்தால் முடியாவிட்டால் 2009-ல் தொடங்கிய இந்திய சமூக நல நிதியிலிருந்து செலவு செய்யலாம். கடைசியில் பீளமேடு விமான நிலையத்தில், பயணிகள் வரும் வாசலில் இல்லை, சரக்குப் பகுதியில், சாமான்களோடு சாமானாக அந்தப் பெட்டி வரும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

படித்த பிள்ளைகளுக்கும் இப்போது ஆபத்து வந்துவிட்டது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போய், மியான்மர் எல்லையில் மியாவாடியில் அடைத்து இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபர் முதல் வாரத்தில் மீண்டு வந்தவர்களில் 13 பேர் தமிழர்கள். தெருவுக்குத் தெரு பொறியியல் கல்லூரி வைத்திருக்கும் கோவைக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி.

இதில் பாராளுமன்றத்துக்கு ஒரு வழி உண்டு. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், எழுத்தில் பதில் தரும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகள் வரை எடுத்துக்கொள்வார்கள். வெளியுறவு பற்றிய எழுத்துப் பதில் என்றால் பெரும்பாலும் தாளின் நடுவில் இணை அமைச்சரின் பெயர் இருக்கும். மேலே கேள்வி (அ), (ஆ), (இ) என்று அரைப்புள்ளி போட்டுப் பிரிந்து நிற்கும்; கீழே அதே வரிசையில் பதில். பார்க்க உயிரற்ற தாள். ஆனால் அரசு ஒரு விஷயத்தை எழுத்தில் ஒப்புக்கொள்வது அங்கேதான், அதைக் காட்டி அடுத்த கேள்வியைக் கேட்கலாம். கேரள எம்.பி.க்கள் இதை விடாமல் செய்கிறார்கள்.

1983-ம் வருடச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைக் கவனிக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் கேரளத்தில் கொச்சியிலும் இருக்கிறது, திருவனந்தபுரத்திலும் இருக்கிறது. நமக்குச் சென்னை. ஏமாற்றிய ஏஜென்ட் மீது நேரில் முறையிட வேண்டுமானால் அன்னூர்க்காரர் ராத்திரி ரயில் பிடிக்க வேண்டும். கொங்கு எம்.பி.க்கள் அத்தனை பேரும், எந்தக் கட்சியானாலும், அடுத்த கூட்டத் தொடரில் கொடுக்க வேண்டிய கேள்வி இது: (அ) கோவையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் திறக்கும் எண்ணம் அரசுக்கு உண்டா, (ஆ) உண்டென்றால், எப்போது, (இ) இல்லையென்றால், அதற்கான காரணங்கள் யாவை?