கெல்ம்ஸ்காட் கல்மனை

பழங்கட்டடங்களைப் புதுப்பித்தல் வேறு, பாதுகாத்தல் வேறு. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வார் பலர். அக்கொள்கை பிழையாதலை, இங்கிலாந்து தேயத்துச் சிற்றூர்க் கல்மனை ஒன்றன் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தேம்ஸ் ஆற்றின் மேற்பகுதியில், ஆக்ஸ்போர்டு கோட்டத்தில் கெல்ம்ஸ்காட் என்னும் ஊர் உளது. ஆண்டுக் கி. பி. 1600-ஐ ஒட்டி உழவுத்தொழிற் செல்வர் எடுப்பித்த மனையொன்று, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒருபுறம் விரிக்கப்பெற்று இன்றும் நிலவுகின்றது. சுவரும், கூரையும், தோட்டத்தைச் சூழ்ந்த மதிலும் அந்நிலத்துச் சுண்ணாம்புக்கல்லால் ஆயவை. ஆகலின் வீடும் மதிலும் ஒருநிறத்தவாய் மண்ணொடு பொருந்தித் தோன்றும்.

கூரையமைதி சிறப்பாகக் கருதத்தக்கது. கல்லோடுகள் முகட்டிற் சிறியனவாய், கீழிறங்குந்தோறும் பெருகி, இறவாரத்தில் மிகப் பெரியனவாய் அடுக்கப்பெற்றுள்ளன. என்னை? மழைநீர் முகட்டிற் சிறிதாய்த் தொடங்கி இறவாரத்தில் மிகுதலின், அவ்விடத்துப் பொருத்துவாய்கள் குறைதல் வேண்டும். பெருங்கற்களின் பாரத்தையும் சுவரே நேரிற் றாங்கும். சுவர்கள் மேற்செல்லுந்தோறும் சிறிது உட்சாய்ந்திருத்தலை இம்மனையில் வாழ்ந்த வில்லியம் மாரிஸ் குறித்துள்ளார்.

புலவரும் ஓவியக் கைவினைஞருமாகிய மாரிஸ் 1871-ஆம் ஆண்டில் இம்மனையைக் குத்தகைக்குக் கொண்டார். அக்காலத்து அந்நாட்டில் பழைய கிறித்தவக் கோயில்களைத் திருத்தப்புகுந்தோர், சுவர்ப்பூச்சைச் சுரண்டியும், பிற்காலப் பகுதிகளை இடித்தும், தாம் கருதிய பண்டை வடிவிற் புதியன சமைத்தனர். அதனால் முன்னைக் கற்றச்சர் கைத்தொழில் அழிந்தது. அது பொறாத மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புக் கழகத்தை நண்பருடன் நிறுவினார். சுரண்டலை எதிர்த்தமையின் அக்கழகம் 'சுரண்டல் எதிர்ப்பு' என்றே வழங்கலாயிற்று.

அற்றேல், ஒழுகுங் கூரையை அங்ஙனே விடுதல் அமையுமோ எனின், அமையாது. உடைந்த ஓட்டினை உடனே மாற்றுதலும், சாயுஞ் சுவருக்கு முட்டுக் கொடுத்தலும் வேண்டுவனவே. அன்றாடம் பேணினாற் பெரும்பழுது நேராது. புதியதனைப் பழையதெனக் காட்டுதலே தவறு என்பது அவர் கொள்கை.

மாரிஸ் 1896-இல் மறைந்து, அவ்வூரிலேயே அடக்கம் பெற்றார். அவர் கல்லறையை நண்பர் பிலிப் வெப் முகட்டுக்கூரை வடிவில் அமைத்தார். 1962 முதல் அம்மனையை இலண்டன் தொல்பொருளறிஞர் சங்கம் காத்துவருகின்றது.

பழம்பணி காக்கும் பொறுப்புடையார், உளியெடுக்குமுன் ஒருகால் எண்ணுவாராக. உதிர்த்த பூச்சும் பெயர்த்த கல்லும் எத்துணைப் பொருள் செலவிடினும் மீளா.