பே (ஆங்கில வினைச்சொல்)

பே என்பது விலை, கூலி, வரி, கடன் ஆகியவற்றுக்குப் பணம் கொடுப்பதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல். பேமென்ட், பேரோல், 'ஜீபே பண்ணு' என்று தமிழ்ப் பேச்சிலும் ஊறிவிட்டது. பழந்தமிழில் அச்சத்தைக் குறிக்கும் 'பே' என்ற உரிச்சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. மாதக் கடைசியில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினால் அது தற்செயல்.

இதன் தாய் 'பாகாரே' என்ற இலத்தீன் வினை. அமைதி என்று பொருள்படும் 'பாக்ஸ்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்த அதற்கு அமைதிப்படுத்துதல் என்று பொருள். ரோமானியர் வாயில் அது அவ்வளவு சாதுவான சொல் அல்ல. கால் நாட்டுப் போரைப் பற்றி எழுதிய ஜூலியஸ் சீசர், ஒரு நாடு 'அமைதியாக்கப்பட்டது' என்றால் வென்று அடக்கியாயிற்று என்று அர்த்தம்.

நாட்டை அடக்கும் சொல் பணம் கொடுப்பதற்கு வந்தது எப்படி? பாக்கி கேட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போடுகிறவரை நினைத்துக்கொண்டால் போதும். அவரை அமைதிப்படுத்த ஒரே வழிதான் உண்டு. பிற்கால இலத்தீனில் இவ்வினை, கடன் கொடுத்தவரின் மனம் ஆறும்படி கணக்கைத் தீர்ப்பதைக் குறித்தது. இத்தாலியில் 'பகாரே', ஸ்பானியத்தில் 'பகார்' என்று நிலைத்தது. பழைய பிரெஞ்சின் வழியாக 1200-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தது. வந்த புதிதில் மனம் நிறையச் செய்தல் என்ற பொருளும் கூடவே இருந்தது; 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரிடம் அதைக் காணலாம். 1500 வாக்கில் அது வழக்கொழிந்து பணம் மட்டும் மிஞ்சியது. அதற்குமுன் ஆங்கிலேயர் இந்த வேலைக்கு வைத்திருந்த சொந்தச் சொல், விட்டுக்கொடுத்தல் என்ற பொருளில் 'யீல்டு' ஆக இன்று ஒதுங்கி நிற்கிறது. பணத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'கெல்ட்' அதன் உறவு.

இதே தடத்தில் நடந்த இன்னொரு சொல் 'குவிட்'. அமைதியான என்ற பொருளுடைய 'குவியேத்துஸ்' என்ற இலத்தீன் சொல்லே அதன் மூலம். கடன் தீர்ந்தவர் அமைதி பெற்றவர், விடுபட்டவர், அதனால்தான் விட்டு விலகுவதும் 'குவிட்' ஆயிற்று.

'பாக்ஸ்' என்பதற்கும் அப்பால் போனால், இறுகப் பிணைத்தல் என்று பொருள்படும் இந்தோ ஐரோப்பிய வேர் ஒன்றைச் சொல்வார்கள் மொழியியலார். உடன்படிக்கையால் பிணைத்துக்கொள்வதே அமைதி. கயிறு, கண்ணி என்ற பொருளில் வரும் வடமொழிப் 'பாச'த்தையும் அந்த வேரோடு சேர்ப்பதுண்டு. எமன் கையிலுள்ள பாசக்கயிறும், பெற்றோரின் பாசமும் தமிழுக்கு வந்தது அங்கிருந்துதான். ஆக, பேமென்டும் பாசமும் தூரத்துச் சொந்தம். தமிழ் தன் வழியிலேயே இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருப்பது இன்னும் சுவையானது: நாமும் பீஸ் கட்டுகிறோம், வரி கட்டுகிறோம், தவணை கட்டுகிறோம்.

பணமில்லாத பயன்பாடுகளும் இவ்வினைக்கு உண்டு. கவனத்தையும் மரியாதையையும் ஆங்கிலத்தில் 'பே' பண்ணலாம். இதற்குத் தமிழில் 'செலுத்து' கச்சிதமாகப் பொருந்துகிறது. வரியும் செலுத்தலாம், அஞ்சலியும் செலுத்தலாம். ஆனால் ஒருவர் வீட்டுக்குப் போய்வருவதையும் 'பே' பண்ணுவது ஆங்கிலத்துக்குக் கைவந்த கலை. ஒரு தொழில் கட்டுபடியாவதும், செய்த தப்புக்கு அனுபவிப்பதும் இதே சொல்லில் அடங்கும்.

நம் பத்து ரூபாய் நோட்டையே எடுத்துப் பார்க்கலாம். கொண்டுவருபவருக்கு அத்தொகையைத் தருவதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் உறுதி கூறும் ஆங்கில வாசகத்தில் இந்தச் சொல் இருக்கிறது. ஒரு ரூபாய் நோட்டில் அந்த வாசகம் இல்லை. அது அரசே வெளியிடுவது. கையெழுத்தும் நிதித்துறைச் செயலருடையது.

அகராதிகளில் தனிப் பதிவாக இன்னொரு 'பே' உண்டு. மரக்கப்பலின் பலகை இடுக்குகளில் தண்ணீர் புகாமல் கீல் பூசுவதைக் குறிக்கும் மாலுமிகளின் சொல் அது. கீலைக் குறிக்கும் 'பிக்ஸ்' என்ற வேறொரு இலத்தீன் சொல்லின் வழி வந்தது. அமைதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.