எழுத்தும் சக்கரமும்: புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தின் வரலாற்று இடம்

சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில், சமண முனிவர்களின் கற்படுக்கை ஒன்றின் மீது தமிழ்ப் பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. அதே வட்டாரத்துக் குடுமியான்மலையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. இவ்வளவு தொன்மையான எழுத்து மரபுள்ள மண்ணில், 1990 வாக்கில் கல் உடைத்துப் பிழைத்த பெண்களில் பெரும்பாலோர் கைநாட்டு வைப்பவர்களாகவே இருந்தனர். திண்ணைப் பள்ளிக் காலத்திலிருந்தே பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் எழுத்து எட்டாமல் வைக்கப்பட்டதன் தொடர்ச்சி இது. அந்தத் தொடர்ச்சி புதுக்கோட்டையில் எப்படி அறுபட்டது, எந்த அளவுக்கு அறுபட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விடுதலைக்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பில் (1951) இந்தியாவின் எழுத்தறிவு 18.33 விழுக்காடு, பெண்களிடையே 9 விழுக்காடுகூட இல்லை. பள்ளிகள் பெருகினாலும், பள்ளி வயதைக் கடந்தவர்கள் கைவிடப்பட்டவர்களாகவே நின்றனர். 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசிய முதியோர் கல்வித் திட்டம், 15 முதல் 35 வயது வரையுள்ள பத்துக் கோடிப் பேருக்கு எழுத்தறிவு தருவதை இலக்காகக் கொண்டது. மதிப்பூதியம் பெறும் ஆசிரியர், முப்பது பேர் கொண்ட மையம், வருகைப் பதிவேடு என்று அது ஓர் அலுவலக ஏற்பாடாகவே நடந்தது, இலக்கை எட்டவில்லை. கற்க வேண்டியவர்கள் அதைத் தங்கள் காரியமாகக் கருதும்படி அதில் எதுவும் இருக்கவில்லை என்பதே என் கணிப்பு.

திருப்பம் கேரளத்திலிருந்து வந்தது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் அமைந்தபின், எர்ணாகுளம் மாவட்டத்தில் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்து, ஊதியம் வாங்காத தொண்டர்களைக் கொண்டே ஓராண்டில் பணியை முடித்தன. 1990 பிப்ரவரியில் அது நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த முறையை ‘அறிவொளி இயக்கம்’ என்ற பெயரில் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினருக்குப் பெரும் பங்குண்டு. கலைக்குழுக்கள் ஊர் ஊராக வீதி நாடகம் போட்டன. பாட்டு முதலில் வந்தது, பலகை பின்னால் வந்தது.

புதுக்கோட்டையில் இயக்கம் 1991இல் வேகம் பிடித்தபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தொண்டர்களிலும் கற்போரிலும் பெண்களே முன்நின்றனர். ஆனால் ஒரு பெண் தொண்டர் மாலையில் பக்கத்துக் கிராமத்துக்குப் போய் வருவது எப்படி? நேரத்துக்குப் பேருந்து கிடையாது. கிடைத்தாலும் அண்ணனோ கணவனோ துணைக்கு வர வேண்டும். இந்த நடைமுறைச் சிக்கலிலிருந்துதான் சைக்கிள் பயிற்சி அறிவொளியின் பாடத்திட்டத்துக்குள் வந்தது. பெண் தொண்டர்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஆட்சியர் வழிசெய்தார்.

இதன் விளைவை நேரில் கண்டு பதிவு செய்தவர் பத்திரிகையாளர் பி. சாய்நாத். ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதாக அவர் எழுதுகிறார். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை வீதிகளில் சென்றனர். பெண்களுக்கான சைக்கிள்கள் கடையில் தீர்ந்துபோக, பலர் ஆண்கள் சைக்கிளையே எடுத்தனர். பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் இருந்தனர். கேலிப் பேச்சும் ஏச்சும் இல்லாமல் இல்லை. ஆனாலும் தண்ணீர்க் குடம், விளைபொருள், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று அன்றாட வேலைகளுக்கான நேரம் சுருங்கியது. காய்கறி விற்கும் பெண் ஒரே நாளில் இரண்டு மூன்று ஊர்களுக்குப் போக முடிந்தது.

கல்குவாரிகளில் நடந்தது இதைவிட ஆழமானது என்று கருதுகிறேன். ஒப்பந்ததாரர்களிடம் கடன்பட்டுக் கிடந்த பெண்களின் குழுக்களுக்கு மாவட்ட நிர்வாகம் குவாரிகளைக் குத்தகைக்கு விட்டது. குத்தகைதாரரானவருக்குக் கையெழுத்தும் கணக்கும் உடனடித் தேவையாயின. எத்தனை லோடு போனது, எவ்வளவு வரவு, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தாமே எழுதிப் பார்ப்பவரை ஏமாற்றுவது எளிதன்று. அவர்கள் கற்ற எழுத்து அன்றன்றைக்கே கூலியில் தெரிந்தது. தேசிய இயக்கம் வகுத்த அளவுகோல், நிமிடத்துக்கு முப்பது சொல் வாசிப்பது, நூறு வரை எண்களை எழுதுவது போன்றவற்றை மட்டுமே அளந்தது. குவாரியில் நிகழ்ந்த மாற்றத்துக்கு அந்த அளவுகோலில் இடமில்லை.

அளவுகோலுக்குள் அடங்காத இத்தகைய மாற்றம் புதுக்கோட்டையில் மட்டும் நிகழவில்லை. இதே காலத்தில் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில், எழுத்தறிவுப் பாடத்தில் வந்த ஒரு கதையைப் படித்துப் பேசிய தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தனர். 1992இல் பரவிய அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, மறு ஆண்டில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடைசெய்தது.

புதுக்கோட்டையில் இந்த வேகம் நீடிக்கவில்லை. ஆட்சியர்கள் மாறினர், பழைய குவாரி முதலாளிகளின் நெருக்குதல் திரும்பியது, படித்து முடித்தவர்கள் தொடர்ந்து வாசிக்க நூலகமோ செய்தித்தாளோ பல ஊர்களில் அமையவில்லை. பயன்படாத எழுத்து மறந்துபோயிற்று. தமிழகப் பெண்களின் எழுத்தறிவு 1991இல் 51 விழுக்காடாகவும் 2011இல் 73 விழுக்காடாகவும் இருந்தது. இந்த உயர்வில் பெரும்பங்கு பள்ளிக்கூடம் சென்ற அடுத்த தலைமுறையுடையது. அந்தத் தலைமுறையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்களில் அறிவொளியில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்பதைக் கணக்கெடுப்பு அட்டவணைகள் காட்டுவதில்லை. இன்றைய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் (2022–27) வாழ்க்கைத் திறனையும் தொழில் திறனையும் தன் கூறுகளாகக் குறிப்பிடுகிறது. புதுக்கோட்டையில் அவற்றைச் சாத்தியமாக்கியவை ஒரு வங்கிக் கடனும் ஒரு குத்தகை ஆணையும். அவற்றுக்கு ஈடாக இன்று கற்போர் கையில் எதைக் கொடுக்கப் போகிறோம் என்பதைத் திட்டத்தை நடத்துவோர் முதலில் முடிவு செய்ய வேண்டும்.